எலி விளக்கும் என் கையும்

போன வாரம் பெங்களூரிலிருந்து மகன் ஒரு பார்சல் அனுப்பியிருந்தான். பிரித்துப் பார்த்தால்... நெற்றியில் மாட்டிக்கொள்கிற லைட்டு! ரப்பர் பட்டை, சார்ஜர், மூன்று தினுசு வெளிச்சம். "அப்பா வாக்கிங் போறப்ப மாட்டிக்கச் சொல்லும்மா" என்று போனில் உத்தரவு வேறு.

எங்கள் வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். போட்டார். அணைத்தார். பெட்டியிலேயே திருப்பி வைத்தார்.

"நான் பண்ணுன லைட்டு இதைவிட நல்லா இருந்துச்சு" என்றார்.

அந்த லைட்டு! அதைப் பற்றி இத்தனை வருஷமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் மூச்சே விட்டதில்லை. எழுதக் கூடாது என்பது இவருடைய கட்டளை. இப்போது மாமனாரும் இல்லை, அந்த எலிகளும் இல்லை. கட்டளை காலாவதியாகிவிட்டது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நான் அருப்புக்கோட்டைக்கு வந்து நாலு மாதம் இருக்கும். பிறந்த ஊர் பக்கத்தில்தான், பாலவனத்தம். மாமனாருக்குக் கடலை வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் கிட்டங்கி — மூடைகளை அடுக்கி வைக்கிற பெரிய கூடம். அதில் ஒரு மூலை மட்டும் விற்பனைக்கு இல்லை. பரளச்சிப் பக்கத்து விவசாயிகள், எங்கள் ஊர்ப் பேச்சில் சம்சாரிகள், நம்பிக் கொடுத்து வைத்த விதைக்கடலை அங்கே இருந்தது. மழை விழுந்த மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்போது மூடைக்குள் வெறும் தொலி மட்டும் இருந்தால்?

அப்படித்தான் ஆகும்போல இருந்தது. எலி அவ்வளவு பெருத்துவிட்டது. தின்கிற பொருள் இருக்கிற இடத்தில் விஷம் வைக்க மாமனார் ஒப்பவில்லை. பொறிக்கு மூன்றாம் நாளே எலிகள் டிமிக்கி கொடுத்துவிட்டன. கடைசியில் ஒரு ஏர் கன் வீட்டுக்கு வந்தது. பொங்கல் திருவிழாவில் பலூன் சுட வைத்திருந்த துப்பாக்கி! அதன் குணம் உங்களுக்குத் தெரிந்ததுதானே? குழல் லேசாக இடப்பக்கம் இழுக்கும். இல்லாவிட்டால் பலூன்காரர் எப்படிப் பிழைப்பார்?

"ஏலே, ராத்திரி நீ உக்காந்து சுடு. கூலிக்கு ஆளு வச்சா கடலையத் தின்னுட்டுத் தூங்குவான்" என்று மாமனார் இவரிடம் சொல்லிவிட்டார்.

கிட்டங்கிக்குள் கரண்ட் கிடையாது. அரிக்கேன் விளக்குக்கும் அனுமதி கிடையாது — சாக்கில் தீப்பிடித்தால் என்ன செய்வது? அதனால் இவரே லைட்டு செய்ய உட்கார்ந்தார். பழைய சைக்கிள் லைட்டின் கூடு. அதற்குள் டார்ச் பல்பு. மூங்கில் குழாய்க்குள் வரிசையாக டார்ச் செல். எல்லாம் தீர்ந்துபோன செல்கள்தான்... வெயிலில் காயப்போட்டால் கொஞ்சம் உயிர் வருமே! மொட்டைமாடியில் நான் வத்தல் காயப்போட்ட பாயின் ஓரத்தில் இவருடைய செல்களும் காயும். பிறகு சைக்கிள் ட்யூபைப் பட்டையாகக் கீறி, எல்லாவற்றையும் துப்பாக்கிக் குழலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

வெளிச்சம் போதவில்லை என்றார். இன்னொரு செல் சேர்த்தார். பால் பவுடர் டின்னை வெட்டி பல்புக்குப் பின்னால் வைத்தார். அதுவும் போதவில்லையாம்! வாரத்துக்கு வாரம் வெளிச்சம் ஏறியது. வெளிச்சம் ஏற ஏற எலிகள் தலைதெறிக்க ஓடின. ஒன்றுகூடச் சாகவில்லை.

எனக்கென்னவோ இவர்மேல் பெருமைதான். காரணம் வேறு. இருட்டிய பிறகு கோவிலுக்கோ சினிமாவுக்கோ போனால், தெருவிலேயே என் கையைப் பிடித்துக்கொள்வார். அருப்புக்கோட்டையில்! அந்தக் காலத்தில்! ஆம்பிளைகள் எல்லாம் பெண்டாட்டிக்குப் பத்தடி முன்னால் நடக்கிற ஊரில்! 'அவுக கையை விடவே மாட்டேங்கிறாக' என்று தங்கைக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். அவள் வயிறு எரியட்டும் என்றுதான்.

ஒரு நாள் ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவை வாங்க இருவரும் போயிருந்தோம். எங்கள் எலிக் கதையைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் சொன்னார்: "செவப்பு வெளிச்சம் எலிக்கு அவ்வளவாத் தெரியாது தம்பி. லைட்டுல கண்ணாடித்தாளை ஒட்டிப் பாருங்க."

"அதெல்லாம் சும்மாண்ணே" என்று இவர் பேச்சை மாற்றிவிட்டார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? சப்பரத்துக்கு ஒட்டியதில் மிச்சமிருந்த சிவப்புக் கண்ணாடித்தாளை எடுத்து, இவருக்குத் தெரியாமல் லைட்டில் ஒட்டிவிட்டேன். அசந்துபோவார் என்று ஆசை. வேடிக்கை பார்க்க அன்றைக்கு நானும் கிட்டங்கிக்குப் போனேன்.

சுவிட்சைப் போட்டார். மூடைகள் எல்லாம் செக்கச்செவேல் என்று தெரிந்தன. அடேயப்பா... மூடைமேல் ஒரு எலி! ஓடாமல், சாவகாசமாக உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருக்கிறது.

"தங்கம், லைட்டு எரியலையே" என்றார்.

"எரியுதுங்க! அந்தா, மூணாவது மூடை மேல. சுடுங்க!"

என் குரல் வந்த பக்கம் திரும்பினார். துப்பாக்கியும் கூடவே திரும்பியது... என் முகத்துக்கு நேராக.

குழலைக் கையால் மெல்லத் தள்ளி, "நான் இங்க நிக்கிறேங்க" என்றேன். அவ்வளவுதான். துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு மாலைக்கண்ணு, தங்கம்" என்றார்.

பிறவியிலேயே அப்படியாம். அவரைப் பெற்றவளுக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டாராம். என்னைப் பெண் பார்க்க உச்சி வெயிலில் வந்தாரே... அது நல்ல நேரம் பார்த்து இல்லையாம்!

"அய்யாட்ட சொல்லிறாத. உங்க வீட்லயும்..." என்று கெஞ்சினார்.

எனக்குக் கண்ணைப் பற்றிக் கவலையே வரவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள்.

"அப்ப கையைப் பிடிச்சதெல்லாம்?" என்று கேட்டேன்.

அவர் சுவிட்சைத் தடவி லைட்டை அணைத்தார்.

"கண்ணு தெரியாமத்தானா?"

"ஆமா" என்றார்.

ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா மனுஷர்? நாலு பக்கக் கடிதம் போட்டாயிற்றே!

இரண்டு நாள் நான் பேசவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தால் போதும், வாசற்படியில் வந்து நிற்பார். பாலவனத்தத்துக்குக் கிளம்பிவிடுவேனோ என்ற பயம் முகத்தில் அப்படியே எழுதியிருக்கும். இல்லை என்று நானும் சொல்லவில்லை. கோபம்! அங்கே எலிகளுக்குக் கொண்டாட்டம்.

மூன்றாம் நாள் கோவிலுக்குப் போனோம். திரும்பும்போது இருட்டிவிட்டது. இவர் கையை நீட்டவில்லை. எந்த முகத்தோடு நீட்டுவார்? சுவரைத் தடவித் தடவி நடந்தார். தெருவிளக்கு இல்லாத திருப்பத்தில், கட்டியிருந்த மாட்டின்மேல் மோதி, "மன்னிச்சுக்கங்க அண்ணாச்சி" என்றார்.

மாட்டிடம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும். பாவி மனுஷன், இப்படித்தானே இருபத்தஞ்சு வருஷம் தனியாக நடந்திருப்பார்! ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். வீடு வரைக்கும் விடவில்லை. எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

அன்று ராத்திரி துப்பாக்கி என் கைக்கு வந்தது. சோளக்காட்டில் கவண் சுற்றிக் குருவி விரட்டியவளாக்கும் நான்! லைட்டைச் சிவப்புத் தாளோடு கழற்றி இவரிடம் கொடுத்தேன்.

"இடது பக்கம்... கொஞ்சம் மேல... ஆங், அப்படியே பிடிங்க."

தனக்குத் தெரியாத எலிக்கு அவர் அசையாமல் விளக்குப் பிடித்தார். குழல் இடப்பக்கம் இழுக்குமே... ஒரு விரல்கடை வலப்பக்கம் தள்ளிக் குறி வைத்தேன். டப்!

"பட்டுச்சா?"

"பட்டுச்சுங்க!"

"மெதுவாச் சொல்லு, அய்யா முழிச்சுக்குவாக."

அதற்கப்புறம் தினமும் இதே வேலைதான். மழை இறங்கியது. வண்டிகள் வந்தன. ஒரு சம்சாரி மூடைக்குள் கையை விட்டு அள்ளிப் பார்த்தார். முழுசு முழுசாகக் கடலை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"எம் மவன் ஒத்தையா உக்காந்து காப்பாத்துனதாக்கும். அவன் குறி தப்பாது!" என்றார் மாமனார், தெருவுக்கே கேட்கும்படி.

நான் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தேன். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பட்டப்பகல். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது நன்றாகவே தெரிந்திருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் வாக்கிங் கிளம்பும்போது, "புள்ள ஆசையா அனுப்பிருக்கான், அந்த லைட்டை மாட்டிக்கங்களேன்" என்றேன்.

"வேணாம். பரண்ல போடு."

"பகல் மாதிரி தெரியுதுங்க!"

"அதான் வேணாங்கேன்" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. "அப்புறம் உன் கையை எதைச் சொல்லிப் பிடிக்க?"

லைட்டு இப்போது பரணில்தான் இருக்கிறது. அங்கே ஏதோ எலி நடமாடுகிற சத்தம் கேட்கிறது... வேண்டுமானால் அது மாட்டிக்கொள்ளட்டும்!