மூடாத காது

கொஸ்லந்தைக்கு மேலே, மலைச்சரிவில் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனோம். காட்டியவர் அதன் காவல்காரர். கம்பளித் தொப்பி அவருடைய ஒரு காதை மட்டுமே மூடியிருந்தது. பேச்சின் நடுவே அடிக்கடி விரலை உயர்த்தி எதையோ உற்றுக் கேட்பார்.

"குழந்தை தூங்க அமைதியான இடம்," என்றேன்.

"ஓடை சத்தம் கேக்குதுங்களா? அது கேக்குற வரைக்கும் தூங்கலாம். திடீர்னு நின்னுச்சுன்னா புள்ளயத் தூக்கிட்டு ஓடிறணும். மேல மண்ணு நகர்ந்து ஓடைய அடைக்குதுன்னு அர்த்தம்."

"அப்போ நீங்க தூங்குறதே இல்லையா?"

"ஒரு காது தூங்கும்ங்க," என்று சிரித்தார்.

அந்த வீடு வேண்டாமென்று, பண்டாரவளை நகரத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே வீடு எடுத்தோம். இரைச்சலில் குழந்தை சரியாகத் தூங்குவதில்லை. தவறு செய்துவிட்டேனோ என்று தினமும் நினைக்கிறேன். ஆனால் ஹார்ன் சத்தம் ஒரு கணம் ஓய்ந்தாலும், என் கைகள் குழந்தையைத் தூக்கிவிடுகின்றன.