முன்வரிசையில் நான்காவது பிள்ளை

அம்மா படித்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை இடித்தபோது, அலுமாரிக்குப் பின்னால் ஒரு பழைய வகுப்புப் படம் கிடைத்ததாம். மாமா அதை எடுத்துக்கொண்டு வத்தேகமயிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது பத்து வயது. எழுத்தென்று எதைக் கண்டாலும் சத்தமாக வாசித்துக் காட்டும் வியாதி இருந்தது.

படத்தின் பின்புறம் வாத்தியார் வரிசைப்படி பெயர்களை எழுதியிருந்தார். அம்மாவின் பெயரைத் தேடினேன். இரண்டாம் வரிசை, மூன்றாவது, சரோஜா. திருப்பிப் பார்த்தால் அந்த இடத்தில் ரெட்டைச் சடையுடன் நெட்டையாக யாரோ ஒரு பெண். அம்மாவோ முன்வரிசையில் நான்காவதாகத் தரையில் சம்மணமிட்டிருந்தாள். இடது புருவத்தைப் பிளந்த அந்தத் தழும்பு வேறு யாருக்கு இருக்கும்? அந்த இடத்துக்கு எழுதியிருந்த பெயர் ராணி.

"மாமா, ஒங்க வாத்தியாரு பேரை மாத்தி எழுதிட்டாரு!" என்று சிரித்தேன்.

மாமா சிரிக்கவில்லை. "அவரு சரியாத்தான் எழுதியிருக்காரு."

"அண்ணே, சும்மா இருங்க!" அம்மா படத்தைப் பிடுங்கியதில் ஒரு மூலை கிழிந்து என் கையிலேயே தங்கிவிட்டது.

"ராணி யாரும்மா?"

"அவ எப்பவோ செத்துப் போயிட்டா. வெளிய யார்கிட்டயும் அந்தப் பேரைச் சொல்லாத."

நான் பார்த்தது அம்மாவின் முகம். அந்தப் பிள்ளை செத்துவிட்டதாக அம்மாவே சொல்கிறாள். அப்படியானால் என் முன்னால் நிற்பது யார்? மெல்லக் கை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. அப்போதும் பயம் போகவில்லை.

செத்தது அந்த நெட்டைப் பெண், என் பெரியம்மா, என்பதை நான் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்த வருடம்தான் அம்மா சொன்னாள். காய்ச்சலில் போனாளாம். அந்தச் சாவை யாரும் பதியவில்லை. அம்மாவுக்கோ பிறப்பையே பதிந்திருக்கவில்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது தாத்தா மூத்தவளின் சான்றிதழைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, பல்லேகல கார்மென்ட் வேலை எல்லாமே சரோஜா என்ற பெயரில்தான்.

அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. எப்போதும் 'தங்கச்சி' என்றே கூப்பிடும் மாமா, படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "நா வர்றேன் ராணி" என்றார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். செத்துப்போன பிள்ளையின் பெயரைச் சொல்லி என் அம்மாவைக் கூப்பிடுகிறாரே என்று எனக்கு மாமாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.