சந்தில் அடித்த காற்று

எழுபதுகளின் கடைசியில் திருப்பத்தூரில் கட்டடப் படம் வரையும் வேலையில் இருந்தேன். ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். அப்போது எங்கள் ஆபீஸ் படப்படி ஜவ்வாது மலை மேல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டி முடித்திருந்தார்கள். இரண்டு நீளக் கட்டடங்கள், நடுவே சந்து, சந்துக்குள் வாசல். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இவ்வளவு இடம் விட வேண்டும் என்ற விதிப்படி அங்குலம் குறையாமல் விட்டிருந்தது.

"பொம்பளைங்க கேட் வரைக்கும் வர்றாங்க, அப்டியே திரும்பிப் போய்ட்றாங்க. இன்னான்னு யாராவது வந்து பாருங்க" என்று அங்கிருந்த நர்சம்மா சொல்லி அனுப்பினார். பொம்பளை விவகாரம், நீயே போய்ப் பார் என்று என்னை பஸ் ஏற்றினார்கள்.

அன்று சந்தை நாள். சந்துக்கு நேர் எதிரே மரத்தடியில் ஆண்கள் புளி விற்றுக்கொண்டிருந்தார்கள். வெளியே சுகமான காற்றுதான். சந்துக்குள் கால் வைத்ததும் ஆளையே தள்ளியது. புடவையை முன்னால் பிடித்தால் பின்னால் எழும்பியது. பின்னால் பிடிப்பதற்குள் முன்னால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. சிரித்தவர்களை மனசுக்குள் திட்டவாவது முடியும்.

நர்சம்மா தண்ணீர் கொடுத்தார். "நிறைமாசத்துல ரெண்டு கையால எங்கன்னு புடிக்கிறதுங்க? இப்பிடித் திரும்பிப் போன ஒருத்திக்கு வூட்டுலயே பிரசவமாயி, கொழந்தை தங்கல. இன்னொண்ணு போவக் கூடாது" என்றார். நான் அழுதுவிட்டேன். குழந்தைக்காக அழுதேனா, என் கால் தெரிந்ததற்கா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பி வந்து எஞ்சினீயரிடம், "காத்து ஜாஸ்தி சார், நடக்க முடியல" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

"மலைன்னா காத்தடிக்காம இன்னாம்மா பண்ணும்? ரூல்படி எடம் வுட்டாச்சே" என்றார்.

வெளிநாடுகளில் அட்டைக் கட்டடம் செய்து, காற்றடித்து, ஜனங்கள் எங்கே நடக்க முடியாது என்று பார்ப்பார்களாம்; அதற்கும் விதி உண்டாம். ஆபீசுக்கு வரும் பத்திரிகையில் படித்திருந்தேன். சொல்ல முடியாததைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியை அட்டையில் ஒட்டினேன். சுற்றிலும் சாமை உமி பரப்பி, டேபிள் ஃபேனைப் போட்டுவிட்டு எல்லோரையும் கூப்பிட்டேன். மற்ற இடத்து உமி அப்படியே கிடக்க, சந்தில் மட்டும் துடைத்தாற்போல் காலியானது.

"உமி பறக்குது, சரி. மனுஷன் பறப்பானா?" என்றார் எஞ்சினீயர். எல்லோரும் சிரித்தார்கள்.

இதற்காகவே ஒரு தீக்குச்சிக்குத் துணி சுற்றி வைத்திருந்தேன். சந்தின் நடுவே பசையில் நிறுத்திவிட்டு மறுபடி ஃபேனைப் போட்டேன். துணி குச்சியின் தலைக்கு மேல் போனது.

யாரும் சிரிக்கவில்லை. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், அவர்கள் கண் குச்சியிலிருந்து என் மேல் வந்துகொண்டிருந்தது. துணி பச்சையில் மஞ்சள் புள்ளி. நான் கட்டியிருந்த புடவையும் பச்சையில் மஞ்சள் புள்ளி. அந்தப் புடவையோடு வந்த துணியில் ரவிக்கை தைத்த மிச்சத்தில்தான் குச்சிக்கு வெட்டியிருந்தேன். காலையில் அவசரத்தில் கைக்கு வந்த புடவையைக் கட்டியிருக்கிறேன். நானே என்னை மேசை மேல் ஏற்றி எல்லோருக்கும் காட்டிவிட்டேன். அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

எஞ்சினீயர் தாமே எழுந்து ஃபேனை அணைத்தார். "வாசல எந்தப் பக்கம் வெக்கலாம்மா?" என்றார், சுவரைப் பார்த்தபடி.

"சந்துக்கு வெளிய, கெழக்கால சார்" என்றேன்.

அடுத்த மழைக்கு முன்பே வாசலை மாற்றிவிட்டார்கள். பார்த்து வர மறுபடி என்னைத்தான் அனுப்பினார்கள். கிழக்குப் பக்கம் காற்றே இல்லை. ஒரு நிறைமாசக்காரி எனக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு படியேறிப் போனாள். பின்னாலேயே நானும் ஏறினேன், இரண்டு கையாலும் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.