நான்காவது பிரஸ்ஸில் ஒரு தேர்வு

நடந்தது பட்டப்பகலில். மணி பன்னிரண்டு பத்து. தூக்கக் கலக்கம், சரக்கு என்று யாரும் கதை கட்ட முடியாது. நம்பாதவர்கள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஃபேக்டரி பிரஸ் ஷெட்டுக்குள் தனியாகப் போய் நின்று பாருங்கள்.

தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் புது ஆட்களைப் பழக்குவது என் வேலை. பதினொரு நாள் என் பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு நான் வாய் திறக்காமல் பார்ப்பேன். ஐம்பது தகடு தனியாக அடித்துக் காட்ட வேண்டும். அதன்பின்தான் பயிற்சி அட்டையில் என் கையெழுத்து. அது இல்லாமல் எவனும் பிரஸ்ஸைத் தனியாகத் தொடக்கூடாது.

பத்து நாள் லீவு முடிந்து அன்றுதான் திரும்பினேன். சூப்பர்வைசர் என் மனைவியின் அண்ணன். மச்சானைத் தேடி உள்ளே போனேன். மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. ஈ காக்கை இல்லை.

டம்...

நான்காவது பிரஸ். ஒருவன் முதுகைக் காட்டி நின்றான்.

“அண்ணே, தேர்வுக்கு நிக்கிறேன். பாருங்க.”

நான் லீவில் இருந்தபோது சேர்ந்த ஆள் போல. பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தேன்.

டம். ஒன்று. டம். இரண்டு.

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. அவன் ஒரு பட்டனைக் கம்பியால் கட்டி வைத்திருந்தான். என்னிடம் முதல் நாளே வசவு வாங்கித் திருந்துகிற தப்பு.

ஒன்பது. பத்து. தகடு விழும் சத்தம் கேட்டது. பெட்டி காலியாகவே இருந்தது.

பதினான்கு. அப்போதுதான் உறைத்தது... கரண்டே இல்லை.

பதினாறு.

பதினேழு.

நின்றுவிட்டது.

“இதுக்கு மேல தெரியலண்ணே... நீங்க சொல்லித் தரவே இல்லையே.”

வலது கையுறையைக் கழற்றினான்.

உள்ளே கை இல்லை.

பன்னிரண்டு பதினாலுக்கு கேட்டில் மூச்சு வாங்க நின்றேன். காவலாளி தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார். ஆறு நாளுக்கு முன் அந்த பிரஸ்ஸில் ஒருவன் கை மாட்டி, ஆஸ்பத்திரி சேரும் முன்பே ரத்தம் போய் முடிந்துவிட்டானாம். வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாள். மெஷின் கணக்கு பதினேழில் நின்றதாம். விசாரணைக்கு வந்தவர்களிடம் மச்சான் ஓர் அட்டையைக் காட்டினாராம். பயிற்சி பதினொரு நாள், ஐம்பதுக்கு ஐம்பது, கீழே என் கையெழுத்து.

லீவுக்குக் கிளம்பும்போது, நான் இல்லாத நேரம் வேலை நிற்கக்கூடாது என்று மச்சான் ஐந்து வெற்று அட்டைகளை நீட்டினார். வீட்டு மனுஷன் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கேன்டீனில் போய் மச்சானின் சட்டையைப் பிடித்தேன். மனுஷன் பதறவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். மீதி நாலு அட்டை எங்கே என்றேன்.

“நாலு பேரும் நேத்துல இருந்து தனியா ஓட்டுறானுங்க. கையெழுத்து உன்னோடதுதானே மாப்ள?”

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. யாரோ மெயினைப் போட்டார்கள்.