கைக்கு எட்டாத பக்கம்

திண்டுக்கல்லில் ஒரு கிறிஸ்தவத் திருமணத் தகவல் மையத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். தட்டச்சு மட்டும் தெரியும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சொல்கிற விவரங்களை அட்டையில் எழுதி, போட்டோ ஒட்டி, மரப்பெட்டியில் வரிசையாக அடுக்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அட்டைகள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. டெலிபோன் மணி அடித்தால் மட்டும் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். சார் எடுத்துப் பேசி முடித்த பிறகுதான் நிமிர்வேன்.

சார் என்பது மையத்தை நடத்தியவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வைத்திருந்த ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிவானால் வீட்டார் நேரில் வந்து அட்டையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். தபாலில் அனுப்ப மாட்டோம், கிழித்தும் போட மாட்டோம். சார் எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுப்பார். அவர்களும் எழுந்து நின்று வாங்குவார்கள். அட்டை கைமாறியதும் அந்தப் பெயரோடு எங்களுக்கு இருந்த உறவு முடிந்தது. பெட்டியில் உண்டான இடைவெளியை மற்ற அட்டைகளைத் தள்ளி நான் மூடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. சாரின் உறவுக்காரர் ஒருவர் அட்டையில் உள்ளதையெல்லாம் அதில் ஏற்றித் தேடுகிறமாதிரி செய்து கொடுத்தார். அது உள்ளறையில், என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அட்டை கைமாறிய அன்றே நான் போய் அந்தப் பெயரைக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்துவிடுவேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கரண்டு போனால் எல்லாம் நின்றுவிடும், அதுதான் தொல்லை. ஒரு கோடையில் அது ஒரேயடியாகக் கெட்டுப்போய், இரண்டு மாதம் ஏற்றிய விவரம் முழுக்கப் போயிற்று. அட்டைகளைப் பார்த்து மறுபடி ஏற்றினேன்.

அதற்குப் பிறகுதான் சார் அந்த வேலையை வெளியில் கொடுத்து, இன்டர்நெட்டில் ஏற்ற முடிவு செய்தார். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். "உங்க ஆபீஸ்ல எதுவுமே இருக்க வேண்டாம் சார். எல்லாம் எங்ககிட்ட இருக்கும். நீங்க திறந்து பார்த்தா போதும், உலகமே பார்க்கும்" என்றார். சார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஏற்றிய பிறகு சில வீட்டார் வந்து வயதைக் குறைக்கச் சொல்வதும், பழைய போட்டோவைப் போடச் சொல்வதும் அவருக்கு ஆகாது. அதனால் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் பெயர், போட்டோ, பிறந்த நாள் எதையும் யாரும் தொட முடியாதபடி பூட்டிவிட வேண்டும் என்றார். செய்து தந்தார்கள். போன் நம்பரை மட்டும் மாற்றலாம். உள்ளறைக் கம்ப்யூட்டரில் இருந்ததைத் துடைத்துவிட்டோம்.

அந்த வருடம் ரெட்டியார்சத்திரத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். தக்காளியும் கத்தரியும் போடுகிற விவசாயி. மகளின் அட்டையை வாங்க வந்திருந்தார். நான் வழக்கம்போல், எந்த ஊரில் முடிந்திருக்கிறது என்று கேட்கிற முகத்தோடு பார்த்தேன். மூன்று நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரியிலேயே முடிந்துபோனது என்றார். சார் எழுந்து நின்றார். இரண்டு கையாலும் கொடுத்தார். அவரும் இரண்டு கையாலும் வாங்கி, போட்டோ உள்பக்கமாக இருக்கும்படி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் படியிறங்கியதும் பெட்டியில் அட்டைகளைத் தள்ளி இடைவெளியை மூடினேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சென்னைக் கம்பெனியிடம் அதே பெயர் இன்னொன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. சாருக்கும் தோன்றவில்லை. அட்டையைக் கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

நான்கு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை. முந்தின ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பினால் வாசலில் ஒரு வேன் நின்றிருக்கிறது. பூவும் பழமுமாக எட்டுப் பேர். கரூரிலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். அவர் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பழத்தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பெண் நின்றாளாம். தன் மனைவி அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை என்றார்.

"தாயி, நாங்கதான் அட்டைய வாங்கிட்டுப் போயிட்டமே. அப்புறம் எப்படி அவ இன்னும் கம்ப்யூட்டர்ல இருக்கா?"

அவர் கேட்டது என்னை. சாரை அல்ல. இனி ஒரு போன்கூட அந்த வீட்டுக்கு வராது என்று சார் என் சார்பிலும் வாக்குக் கொடுத்தார்.

அவர் போனதும் இன்டர்நெட்டில் அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்தோம். வெள்ளைச் சேலையில், பள்ளிக்கூடத்துச் சுவர் முன்னால், லேசாகச் சிரித்துக்கொண்டு அந்தப் பெண் இருந்தாள். எடுப்பதற்கு ஒரே வழி காரணம் சொல்வது. காரணங்கள் இரண்டுதான் இருந்தன. எங்கள் மூலம் திருமணம் நிச்சயமானது, வேறு மூலம் திருமணம் நிச்சயமானது. எதை அழுத்தினாலும் அந்தப் படம் முதல் பக்கத்துக்குப் போய், சுற்றிலும் மாலையோடு ஒரு வாரம் நிற்கும். அந்த மாலையைப் பின்னால் சேர்க்கச் சொன்னதே சார்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "பூட்டச் சொன்னதும் நாமதான், மாலை போடச் சொன்னதும் நாமதான்" என்றார்.

கம்பெனிக்கு எழுதினோம். உங்கள் புகார் பதிவாகிவிட்டது என்று ஒரு எண் வந்தது. மறுபடி எழுதினோம், வேறொரு எண் வந்தது. சார் போன் செய்தார். அடுத்த முறை மொத்தமாக மாற்றும்போது அதையும் சேர்த்துச் செய்துதருவதாகச் சொன்னார்கள்.

கொடுத்த வாக்கு இருந்தது. தொட முடிந்தது போன் நம்பர் மட்டும். அந்த வீட்டு நம்பரை எடுத்துவிட்டு, புதிதாக வாங்கியிருந்த என் செல் நம்பரைப் போட்டேன். காலியாக விட்டால் அது ஏற்றுக்கொள்ளவில்லை. மறந்தது என் தவறு, வருவதை நானே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் பார்த்தபோது அந்தப் பெண் பட்டியலில் முதலாவதாக இருந்தாள். நம்பரை மாற்றியதால், படத்துக்குக் கீழே 'இன்று புதுப்பித்தவர்' என்று விழுந்திருந்தது.

போன்கள் வரத் தொடங்கின. நான் டவுன் பஸ்ஸில் நிற்கும்போது வரும். காய்கறி வாங்கும்போது வரும். ஒருமுறை மாதா கோவிலில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கையில் வந்து, பையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு தாய், போட்டோவைப் பிரிண்ட் எடுத்து வீட்டு மாதா படத்துக்குக் கீழே வைத்து ஜெபித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "பொண்ணுக்கு முடிஞ்சிருச்சுங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன். இறந்துவிட்டாள் என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை. அந்தப் பெண்ணை நான் பார்த்ததே கிடையாது. ஆனால் கூட்டத்தில் வெள்ளைச் சேலை தெரிந்தால் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். என் செல் சும்மா இருக்கும்போதும், அதற்குள் ஒருத்தி காத்திருக்கிற மாதிரியே இருந்தது.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் சார் இல்லாதபோது ஒரு அம்மா வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, தான் அந்தப் பெண்ணின் தாய் என்று சொன்னார்.

"ஏம்மா, இப்ப போனே வரமாட்டேங்குதே. அவ பேரை எடுத்துட்டீகளா?"

எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை, நம்பரை மட்டும் மாற்றியிருக்கிறேன் என்றேன். யார் நம்பர் என்று கேட்டார். மேசைமேல் இருந்த என் செல்லைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த நாலு மாதமும் பகலில் அவர் கணவர் தோட்டத்தில் இருக்கும்போது போன் வரும். உயரம் கேட்பார்கள், சொல்வார். என்ன படித்திருக்கிறாள், எந்தப் பள்ளியில் வேலை, சமைப்பாளா என்று கேட்பார்கள். குழம்பு சுமாராக வைப்பாள், தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் நன்றாகச் செய்வாள் என்று சொல்வார். பேசுகிற செத்த நேரம், உள்ளே அவள் துணி மடித்துக்கொண்டு இருப்பதுபோலவே இருக்கும். வீட்டில் வேறு யாரும் இப்போது அவளைப் பற்றிப் பேசுவதில்லை.

பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்குக் கரூர்க்காரவுகள வரச் சொன்னதே நாந்தாம்மா. வாங்கன்னு வாயில வந்துருச்சு. அவருக்குத் தெரியாது."

பழைய நம்பரைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். யாராவது கையைப் பிடித்தால் சரி என்று சொல்லிவிடுகிற ஆள் நான். ஆனால் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போன அவர் கணவரின் முகம் கண்முன் வந்தது.

"மாத்த மாட்டேம்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கையை எடுத்துக்கொண்டார். மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"சரி. ஓங்கிட்டக் கேக்குறவுகளுக்கு என்ன சொல்லுற?"

"முடிஞ்சிருச்சுன்னு சொல்லுறேன்."

"எங்க குடுத்துருக்குன்னு கேப்பாகளே."

"கேட்டா வச்சிருவேன்."

"வைக்காத. நெய்க்காரப்பட்டியில குடுத்துருக்குன்னு சொல்லு. பழனிக்கு அங்கிட்டு. தண்ணி உள்ள ஊரு. எங்க பக்கம் மாதிரி கெணறு காயாது."

அதை யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. முன்பே எப்போதோ முடிவு செய்து வைத்திருந்ததுபோல் சொன்னார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். படியில் திரும்பி, போன் வந்தால் அவளைப் பற்றி என்ன கேட்டார்கள் என்று எப்போதாவது பகலில் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். தலையாட்டினேன். கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களிடம் நெய்க்காரப்பட்டி என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த வீடு தெரிய ஆரம்பித்தது. வாய்க்கால் பக்கம், நாலு தென்னை, கொடியில் வெள்ளைச் சேலை. நல்ல இடமாப் பார்த்துக் குடுத்திருக்கீங்க என்று சிலர் சொன்னார்கள். ஆமாம் என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்த போனில் ஒரு அம்மா மகனுக்குப் பெண் தேடுவதாகச் சொன்னார். வழக்கம்போலச் சொன்னேன். எதிர்முனையில் குரல் மாறியது.

"ஏனுங்க, நெய்க்காரப்பட்டியிலயேங்களா? நாங்க அந்த ஊருதானுங்க. எந்த வூட்டுலங்க? இங்க சர்ச்சுக்கு வர்ற வூடே நாலஞ்சுதானுங்க. எனக்குத் தெரியாம எந்தப் புள்ளைங்க வந்துச்சு?"

வைத்துவிடப் பொத்தானைத் தேடினேன்.

"பேருதான் கம்ப்யூட்டர்ல இருக்குதுங்களே. ஞாயித்துக்கெழம பூசைக்கு வருவாங்கல்லோ, கேட்டுப் பாத்துக்கறனுங்க. பாவம், புது எடம், நம்மளப் பாத்தா சந்தோசப்படும்" என்று அவரே சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு முழு ஊரில் நல்ல மனதோடு ஒருவர் அந்தப் பெண்ணைத் தேடப் போகிறார். மறுநாள் மத்தியானம், அந்தப் பெண்ணின் அப்பா தோட்டத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ரெட்டியார்சத்திரத்து நம்பருக்கு நானே போன் செய்தேன். நானாக ஒரு நம்பரை அழுத்தி ஒரு வீட்டைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பெண்ணின் தாய்தான் எடுத்தார். எந்த வீடு என்று கேட்கிறார்கள், நாளைக்குக் கோவிலில் விசாரிப்பார்களாம் என்றேன்.

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"தேடுனா அங்க அவ இருக்க மாட்டாளே" என்றார்.

செல்லை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"இனிமே இல்லைன்னே சொல்லிரும்மா. அந்தம்மாட்டயும் சொல்லிரு. ஒவ்வொரு வீடா போய்க் கேக்க வேண்டாம்."

போனை அவர்தான் முதலில் வைத்தார். பிறகு, செல்லில் பதிந்திருந்த நெய்க்காரப்பட்டி அம்மாவின் நம்பரை அழுத்தினேன். நேற்றுச் சொன்னது பொய், அந்தப் பொண்ணு தவறிட்டாங்க, ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு என்றேன். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"இப்பத்தானுங்க பையன் மறுக்காத் தொறந்து காட்டுனான்" என்றார். "சிரிச்சுட்டு இருந்துச்சுங்களே."

"ஆமாங்க" என்றேன். "இன்னும் இருக்குங்க."