வாடகை மூச்சு

தொண்ணூறுகளில் அந்தமானுக்குப் போன எங்கள் சுற்றுலாக் கூட்டத்தில் பாலவனத்தத்து அம்மாள் ஒருவர் இருந்தார். கடலுக்கடியில் இறங்க அனுமதி, படகு, வாடகைக் கருவி எல்லாம் என் ஏற்பாடு. அரசு அலுவலகப் பழக்கத்தில் விதிமுறை பிசகாமல் செய்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஐம்பதைத் தாண்டிய, கறுத்து மெலிந்த உருவம். பேசும் முன் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வார். கடலின் அடியைத் தொடாமல் ஊர் திரும்புவதில்லை என்று கப்பலிலேயே அறிவித்திருந்தார்.

படகுத்துறையருகே கருவி வாடகைக்கு விடும் கடைக்காரர் காற்று உருளையை அவர் முதுகில் மாட்டப் போனார். முந்தானை இறுகியது.

"ஏப்பா, நீச்சல் பழகுற பிள்ளைக்குக் கட்டுற மாதிரி முதுகுல டின்னக் கட்ட வார? எங்க கெணத்துல ஏழு வயசுலயே அத அவுத்து எறிஞ்சவ நான்!"

"மிதக்கிறதுக்கு இல்லம்மா. உள்ள காத்து இருக்கு, மூச்சு விடுறதுக்கு" என்றேன்.

"மூச்சையுமா வாடகைக்கு எடுப்பாக?"

"இது இல்லாம எறங்கக்கூடாதும்மா. அதான் விதி."

"கடலு என்ன, ஒங்க ஆபீஸா சார்?"

விறுவிறுவென்று படகுத்துறைக்குப் போய், சேலையோடு குதித்துவிட்டார். கடைக்காரர் அலறினார். நான் விபத்து அறிக்கையின் முதல் வரியை யோசிக்கத் தொடங்கியபோது தலை வெளியே வந்தது.

ஏறி வந்து, மூடியிருந்த கையைக் கடை மேசைமேல் திறந்தார். ஒரு பிடி ஈர மணல். அடியைத் தொட்டதற்கு எங்கள் பக்கத்துக் கிணறுகளில் காட்டும் அத்தாட்சி அதுதான்.

உத்தியோகக் காலம் முழுக்க அத்தாட்சிகளைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பியவன் நான். அதைத் திருப்பி அனுப்ப மட்டும் இன்றுவரை ஒரு விதியும் அகப்படவில்லை.