நோன்போடு உலகம் சுற்றிய பொடியன்கள்

போன கிழமை என் புத்தகம் ஒன்று அச்சுக்குப் போகாமல் நின்றுவிட்டது. பேப்பர் தட்டுப்பாடில்லை, கரண்ட் வெட்டும் இல்லை. என் மனைவி ஜெஸீமா நிறுத்திவிட்டாள்.

விஷயம் இதுதான். விமானம் கண்டுபிடித்த புதிதில், வெளிநாடுகளில் பொடியன்களுக்கென்று ஒருவகைச் சாகசக் கதைகள் எழுதினார்கள். இரண்டு கூட்டாளிகள், கொட்டிலில் தாங்களே செய்த பிளேன், பின்னால் துரத்தும் ஒரு வில்லன்... உலகத்தையே சுற்றி வருவார்கள். நடுக்கடலுக்கு மேல் எஞ்சின் நிற்கும். ஒரு கம்பித் துண்டை வைத்துத் திருத்திவிடுவார்கள். அந்தக் கதைகளில் எனக்குத் தீராத பைத்தியம். நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டாமா? எழுதினேன்.

ஹீரோக்கள் றிஸ்வானும் கமாலும். காலை ஒன்பது மணிக்குக் கல்முனைக் கடற்கரையில் எழும்பும் பிளேன், மேற்கே சூரியனின் வேகத்திலேயே ஓடும். ஆகவே போகிற இடமெல்லாம் காலை ஒன்பது மணி! மறுநாள் அதே கடற்கரை, அதே ஒன்பது மணி. நம்ம ஊர் மணம் வேண்டுமே என்று இரண்டு பேரையும் நோன்பு பிடிக்க வைத்தேன். அந்த இடத்தை எழுதும்போது எனக்கே புல்லரித்தது. றமழானுக்கு முன் புத்தகம் வந்துவிட வேண்டும் என்று அச்சகத்தில் நாளும் குறித்தாயிற்று.

ஜெஸீமா புரூஃபைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எல்லாம் சரி. இந்தப் புள்ளயள் எப்ப நோன்பு துறக்கிற?"

புரூஃபை வாங்கிப் பார்த்தேன். சூரியன் மறைந்தால்தானே மஃரிப், நோன்பு துறக்கும் நேரம்? என் கதையில் அது மறையவே மறையாது. இறங்கிய பிறகும் பொழுதுபட இன்னும் ஒன்பது மணித்தியாலம் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் ஒன்றரை நாள் பட்டினி!

பயணிக்கு நோன்பை விடச் சலுகை உண்டே என்று சமாளித்து, பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் போட்டேன். நோன்பு பிடித்த பிறகு புறப்பட்டால் நம் மத்ஹபின் சட்டப்படி அன்றைய நோன்பை விட ஏலாது, விடியுமுன், சுபஹுக்கு முன்பே புறப்பட்டிருக்க வேண்டும் என்றார் அவர். அவ்வளவுதானே! நேரத்தை மாற்றினேன். இப்போது சுபஹு வரவே இல்லை. உலகம் முழுக்கக் கும்மிருட்டு. ஒரு நாட்டையும் பார்க்காமல் உலகம் சுற்றி வந்தார்கள் பொடியன்கள்.

பழையபடி ஒன்பது மணிக்கே எழுப்பி, பிளேனைக் கிழக்கே திருப்பினேன். நாலரை மணித்தியாலத்தில் பொழுது பட்டுவிட்டது. இந்த வழி தெரிந்தால் ஊரில் ஒருத்தரும் தரையில் நோன்பு பிடிக்க மாட்டார்கள் என்று சிரித்தாள் ஜெஸீமா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதைதானே, எவன் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு படிக்கப் போகிறான் என்று கத்தினேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்:

"போன நோன்புல நம்மட மகன் கட்டாருக்கு வேலைக்குப் போனானே. இஞ்ச நோன்பு துறக்கப் பாங்கு சொல்லக்குள்ள அவன் மேகத்துக்குள்ள பொழுது படாம நோன்போட இரிந்தான். நீங்க ரெண்டு கோப்ப கஞ்சி குடிச்சீங்க."

ஓம், குடித்தேன். மூன்றாவதுக்கும் கோப்பையை நீட்டியதாக ஞாபகம். அவள் ஒரு பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டாள். அவன் இறங்கி, நோன்பு துறந்துவிட்டேன் என்று கோல் எடுக்கும்வரை வேறொன்றும் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றாள், நானும் நம்பினேன். இப்போது வெட்கமாகப் போய்விட்டது.

பிறகுதான் கேட்டாள்: "அந்தப் புள்ளயளுக்குப் பெத்த உம்மா இல்லயா?"

யோசித்துப் பார்த்தேன். நான் படித்த அந்தக் கதைகள் ஒன்றிலும் உம்மா இருந்ததாக நினைவில்லை. மாமா உண்டு, பேராசிரியர் உண்டு, கப்பல் கப்டன் உண்டு, குரங்குகூட உண்டு. உம்மாவை மட்டும் காணோம். ஏன் என்று நினைக்கிறீர்கள்? உம்மா ஒருத்தி இருந்தால் பிளேன் கொட்டிலை விட்டே வெளியே வராது!

சரி, சேர்த்தேன். முதல் அத்தியாயத்திலேயே உம்மா வருகிறாள். நோன்போடு ஓரிடமும் போக வேண்டாம் என்கிறாள். பயணம் பெருநாளுக்கு மறுநாள் என்று தள்ளிப்போயிற்று. பிளேனில் பாதி இடத்தைப் பெருநாள் பலகாரமான தொதல் பிடித்துக்கொண்டது. புத்தகமும் பெருநாளுக்குப் பிறகுதான் என்று சொன்னதும் அச்சகக்காரர் ஏசினார். வாங்கிக்கொண்டேன்.

நேற்று திருத்திய பிரதியை ஜெஸீமாவிடம் நீட்டினேன். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெருநாளைக்கு மறுநாளா? அப்ப பெருநாள் முடிஞ்ச கையோட பிடிக்கிற ஆறு நோன்பு?"